கொட்டாவி விசாரணை

இருகரை என்றொரு நாடு. நடுவே ஓர் ஆறு. ஒருபுறம் வடகரையார், மறுபுறம் தென்கரையார். அரசர் மகாதீரர் பட்டத்துக்கு வந்த ஆண்டில், இரு கரையாருக்கும் உள்ளியல்பில் பொதுவாக ஒன்றுமே இல்லை என்று அமைச்சர் நெடுமதியார் ஆராய்ந்து கண்டுபிடித்தார். ஆராய்ச்சிக்காக அவர் ஆற்றைக் கடக்கவில்லை.

முதல் சட்டம் படகுகளைப் பிரித்தது. அடுத்தது அழுகையைப் பிரித்தது: செவ்வாயும் வெள்ளியும் தென்கரையார் அழலாம், மற்ற நாட்களில் வடகரையார். சாவு கிழமை பார்த்து வரவில்லை. ஜனங்கள் அழுகையைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தார்கள். மூன்றாவது சட்டம், கரை தாண்டிக் கட்டிய தாலிகள் செல்லாது என்றது. பிள்ளைகள் தகப்பன் கரைக்கு.

அப்படித்தான் தென்கரை மருதாயி, ஐந்து மாதக் கைக்குழந்தையோடு அரசவையில் நிறுத்தப்பட்டாள். அவள் கணவன் வடகரைக்காரன். போன மாதமே அவனைப் பிடித்து அக்கரைக்கு அனுப்பியாயிற்று. இனி குழந்தைதான் பாக்கி.

“ராசா, பால்குடி மறக்காத புள்ளைங்க. எங்கிட்டயே இருக்கட்டுமுங்க.”

“பால் குறித்துத் தனிச் சட்டம் பரிசீலனையில் உள்ளது” என்ற அமைச்சர் தீர்ப்பைப் படிக்கத் தொடங்கினார். “இத்தாய்க்கும் இச்சேய்க்கும் உள்ளியல்பில் பொதுவாக…”

குழந்தை கொட்டாவி விட்டது.

உடனே மருதாயிக்கு வந்தது. அவளைப் பார்த்த வடகரைக் காவலன் வேலைப் பிடித்தபடியே வாயைத் திறந்தான். அடுத்து எழுத்தர். அடுத்து, பாதி வாக்கியத்தில், அமைச்சர். கடைசியில் அது அரியணை ஏறி அரசரின் வாயையும் திறந்தது. சபையில் முந்நூறு பேர், ஒருவரும் தப்பவில்லை. இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இத்தனை உடம்புக்குள்ளும் ஒன்றேயான ஏதோ குடியிருந்து, ஒரு பச்சைப்பிள்ளை கூப்பிட்டதும் எழுந்து வந்துவிட்டதே! அரசர் அந்தக் குழந்தையை, சந்நிதியில் நிற்பவரைப் போல, சற்று நேரம் பார்த்தபடி இருந்தார்.

பிறகு அவருக்குத் தாம் அரசர் என்பது நினைவு வந்தது.

“யாம் விட்டது எமக்கே உரிய கொட்டாவி. மற்றவை எங்கிருந்து பரவின என விசாரிக்கக் குழு அமையுங்கள்!”

அறிக்கை வரும்வரை குழந்தை, சாட்சிப் பொருள் என்ற முறையில், தாயிடமே இருக்கலாம் என்றும் உத்தரவாயிற்று.

நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குழு கூடும், கொட்டாவி என்ற சொல்லை யாராவது உச்சரித்ததும் அன்றைய அமர்வு கலைந்துவிடும். போன வாரம் நெடுமதியாரே தலைமையேற்று மருதாயியை அழைத்தார். அறிக்கையை முடித்துக் குழந்தையைப் பிரிக்க அவருக்கு ஒரே ஒரு பதில் போதும்.

“மறைக்காமல் சொல். உன் பிள்ளை அன்று விட்டது எந்தக் கரைக் கொட்டாவி?”

கேட்டு முடிப்பதற்குள் அவர் வாய் அகலத் திறந்துகொண்டது. மருதாயி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாய் மூடும்வரை பொறுமையாக நின்றாள்.

“இப்ப நீங்க விட்டீங்களே சாமி, அது எந்தக் கரைங்க?”

பதில் சொல்ல அமைச்சர் வாயைத் திறந்தார். இன்னொன்று வந்தது.