பொறுங்கக்காவின் மூன்று விநாடி

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அவசரம் என்றால் என்னவென்று தெரியாத ஒரே ஜீவன் எங்கள் பொறுங்கக்காதான். ஒரு கிலோ கத்தரிக்காய் பொறுக்க அவர் உட்கார்ந்தால், கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். அசல் பெயர் கிளப்பில் யாருக்கும் தெரியாது. எதற்கெடுத்தாலும் "பொறுங்க கண்ணு" என்பார்; அதுவே பெயராகிவிட்டது.

கிளப் என்றால் துப்பாக்கி சுடும் கிளப். ஐம்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்தார். நிதானமாகக் குறிபார்த்துச் சுடும் பிரிவில் நன்றாகவே சுட்டார். அதோடு விட்டாரா? பிஸ்டல் வேகப் பிரிவும் வேண்டும் என்றார்! அதில் குறிப்பலகை மூன்று விநாடிதான் முகம் காட்டும், பிறகு திரும்பிக்கொள்ளும். அதற்குள் கையைத் தூக்கி ஒரு குண்டு சுட வேண்டும். இப்படி ஐந்து முறை.

முதல் நாள் பலகை ஐந்து முறையும் முகம் காட்டிவிட்டுப் போனது. அக்கா ஒரு குண்டும் சுடவில்லை.

"நான் பாக்கறதுக்குள்ள திரும்பிக்குதுங்க. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்று கோச்சிடம் மனுப் போட்டார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏனுங்கக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த வேகம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் கார் ஹாரன் அலறியது. அவருடைய வீட்டுக்காரர். தேங்காய் எண்ணெய் வியாபாரி. காங்கேயத்துக்கும் கோவைக்கும் இடையே பறந்துகொண்டே இருப்பவர். உள்ளே வந்து பார்க்க அவருக்கு ஏது நேரம்? காரில் உட்கார்ந்தபடியே ஹாரன் அடித்து மனைவியை அழைத்துப் போவார்.

"கேட்டுதுங்களா? கல்யாணமான நாள்ல இருந்து இதேதான். நான் எதையும் நேரத்துல முடிக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாரு. அவரு வாயடைக்கிற மாதிரி ஒரே ஒருக்கா சட்டுனு ஒரு காரியம் செஞ்சுபோடோணும். அப்புறம் நான் எப்பவும் போல இருந்துக்கறேன்" என்றார் அக்கா.

கோச் பொள்ளாச்சிப் பையன், பொறுமைசாலி. "அக்கா, நீங்க கையத் தூக்கி முடிச்சு, குறியத் தேடி, அப்புறமா வெரலுக்குச் சேதி சொல்றீங்க. கை ஏறறப்பவே வெரலும் அழுத்த ஆரம்பிக்கோணுங்க. கை நிக்கறதும் குண்டு போறதும் ஒண்ணா இருக்கோணும். அவசரப்படாதீங்க, நடுவுல நிக்காதீங்க, அவ்வளவுதான்."

அவசரப்படாமலே வேகமாகலாம் என்றதும் அக்காவுக்குப் புது உயிர் வந்தது. சமையலறைச் சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். பிஸ்டலுக்குப் பதில் தண்ணீர் பாட்டில். பலகை எப்போது முகம் காட்டும் என்று தெரியாதே, அதற்கு என்ன செய்வது? குக்கர் விசில்! விசில் கிளம்பியதும் கை ஏற வேண்டும், அடங்குவதற்குள் விரல் அழுத்திவிட வேண்டும்.

ஒரு நாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். சோறு கூழாகியிருந்தது. பருப்பு இருந்ததற்கான அடையாளமே குழம்பில் இல்லை. "இன்னைக்குக் கை நல்லா வந்துச்சுங்க, அதான் விட மனசில்ல" என்றார் அக்கா. வீட்டுக்காரர் தலை குனிந்து தயிரைத் தேடிக்கொண்டிருந்தார்.

சிங்காநல்லூரில் ஒரு கண்டக்டர் விசில் ஊத, அக்காவின் வலது கை தானாக உயர்ந்துவிட்டது. நகர்ந்த பஸ் நின்றது. "ஏறுங்கக்கா, நேரமாச்சு" என்றார் கண்டக்டர். "நான் வரலீங்க, சும்மா தூக்குனேன்" என்றார் அக்கா. அதற்குக் கண்டக்டர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கிளப் அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. இந்த முறையும் கோட்டைவிட்டால் இனி நிதானப் பிரிவு மட்டும்தான் என்று கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு உள்ளே வந்து பார்ப்பதாக வீட்டுக்காரரும் வாக்குக் கொடுத்திருந்தார். காரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவரைக் காணோம். அக்கா இரண்டு முறை வாசலைப் பார்த்தார். போட்டி யாருக்காக நிற்கும்?

பலகை முகம் காட்டியது. அக்காவின் கன்னம் லேசாக உப்பியது. மனசுக்குள் விசில் ஓடுகிறது என்று புரிந்துகொண்டேன். காபி டம்ளரை எடுப்பதுபோல் பதற்றமில்லாமல் கை ஏறியது. கை நின்ற இடத்தில் குண்டு போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள். கோச் எழுந்தே நின்றுவிட்டார்.

அக்கா பிஸ்டலை மேஜையில் வைத்து, காதடைப்பானையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் சாவியும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தார் வீட்டுக்காரர். "பார்க்கிங்கே கெடைக்கல. எப்ப ஆரம்பிக்கிறாங்க?"

"முடிஞ்சு போச்சுங்க."

அவர் பலகையைப் பார்த்தார். ஐந்து ஓட்டைகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அதுக்குள்ளயா, அம்மணி?"

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அணியில் இடம் கிடைத்ததாகக் கோச் பின்னால் நின்று சொல்வதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"என்ன சொன்னீங்க? காதுல அடைப்பு போட்டிருந்தனுங்களா, சரியா உளுகல. இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரர் இன்னொரு முறை சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே.