பால் டின் தகட்டோடு பெண் பார்க்கப் போனேன்

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வண்டியின் போனட் திறந்திருந்தாலும் பக்கத்தில் போய் இடுப்பில் கைவைத்து நிற்போம். யார் என்ன கேட்டாலும் “எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்ல மாட்டோம். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது. (முற்றியிருந்த காலமா, இப்போது மட்டும் என்னவாம் என்று என் மனைவி கேட்பாள். கண்டுகொள்ளாதீர்கள்.)

அப்போது என்னிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. சிரம்பானைத் தாண்டி இருக்கும் எங்கள் தோட்டத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்னச் செம்பனைக்காரர்களிடம் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் எண்ணெய் ஆலையில் போடுவது என் பிழைப்பு. அந்த வண்டியின் எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் வெடித்திருந்தது. எஞ்சினிலிருந்து வரும் சூட்டுப் புகையை ஒன்றுசேர்த்துக் குழாய்க்கு அனுப்புகிற வார்ப்பிரும்பு அது. அதில் வெடிப்பு விட்டால் வண்டி படபடவென்று கத்தும். நான் எந்த முக்கில் திரும்புகிறேன் என்பதைத் தோட்டமே சொல்லிவிடும்.

அந்த நேரம் பார்த்து ரஹாங்கில் இருக்கும் பெரியம்மா ஒரு வரன் கொண்டு வந்தார்.

“பொண்ணு பேரு தேன்மொழி. கெமாஸ்ல கிளினிக்ல வேல. தங்கமான பொண்ணுடா. ஆனா பீத்திக்கிறவங்களக் கண்டா அவளுக்கு ஆகாது. வந்த ரெண்டு மாப்பிள்ளையும் வாயாலயே கெட்டானுங்க. நீ கொஞ்சம் அடங்கி இரு லா.”

படத்தைப் பார்த்தேன். பார்த்த நிமிடமே விழுந்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அம்மாவிடம் வெட்கமில்லாமல் சொல்லியும் விட்டேன். அடங்கி இருப்பதென்றால் முதலில் வண்டியை அடக்க வேண்டும் என்று என் புத்திக்கு எட்டியது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். சனிக்கிழமை சுங்கை காடுட்டில், பாதியாக அறுத்த பழைய வண்டிகளின் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஒரு மேனிபோல்ட் வாங்கினேன்.

“ஃபோர்மன் மானா?” என்று மலாயில் கேட்டார் கடை முதலாளியான சீனத் தவுக்கே. எங்கள் ஊரில் மெக்கானிக்குக்கு ஃபோர்மன் என்று பெயர். எங்கே உன் ஃபோர்மன், யார் மாட்டப் போவது என்று கேட்கிறார்.

“சாயா லா ஃபோர்மன்!” நான்தான் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேஸ்கட் வேண்டாமா என்றார். இரண்டு இரும்புக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கட். பழையதே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். (அதை நான் அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை.)

ஞாயிறு காலை வேலையை ஆரம்பித்தேன். போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. ஒரு போல்ட் ‘டக்’கென்று தலையை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு உடம்பை எஞ்சினுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. நன்றாக இருப்பதாக நான் சான்றிதழ் கொடுத்திருந்த கேஸ்கட், தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. ஒருவழியாகப் பழைய மேனிபோல்ட்டைக் கழற்றித் தரையில் வைத்தபோது, அம்மா பட்டுச்சேலை கட்டி, கையில் கற்பூரத் தட்டோடு வந்து நின்றார்.

“பன்னெண்டு மணிக்கு எமகண்டம்டா. அதுக்குள்ள வண்டி கேட்டத் தாண்டணும்.”

“மா, மேனிபோல்டு கீழ கெடக்குது மா!”

“அது கெடக்கட்டும். எஞ்சின் இருக்குல்ல? நல்ல நேரத்துல வெளிய எடுத்து நிறுத்திட்டு அப்புறம் நீ பாட்டுக்கு மாட்டு. கெளம்புனதா ஆயிடும்.”

விவரம் தெரிந்தவனாக இருந்தால் வண்டியைத் தள்ளியிருப்பான். நான் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு சாவியைத் திருப்பினேன்.

மேனிபோல்ட் இல்லாத எஞ்சின் போடுகிற சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை என்றால் கேட்காமலே இருந்துவிடுங்கள். எஞ்சின் பக்கவாட்டில் தீயைத் துப்பியது. நாய்கள் செம்பனைக்குள் ஓடி மறைந்தன. அடுத்த வரிசை வீட்டில் இருக்கும் தோட்டத்துக் கங்காணி, எங்கள் மண்டோர், கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, “யார் வீட்டுல கேஸ் வெடிச்சிருச்சு?” என்று அலறினார். அம்மா அசையவில்லை. அந்தப் புகைக்குள்ளேயே கற்பூரம் சுற்றினார். எலுமிச்சம்பழம் நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, “ம், நல்லபடியா கெளம்பியாச்சு” என்றார்.

பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, பால் டின் ஒன்றைக் கத்தரித்து, அதையே கேஸ்கட்டாக வைத்து மேனிபோல்ட்டை மாட்டினேன். வண்டியைக் கிளப்பினால், ஆஹா, மூச்சுக்கூட விடவில்லை! ரஹாங்கில் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டோம். “என்னடா இது, ஓடுதா நிக்குதா?” என்று அவர் ஆச்சரியப்பட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஹாவ் தாண்டும்வரை வழியெல்லாம் அவருக்கு மேனிபோல்ட் பற்றிப் பாடம் நடத்தினேன்.

கெமாஸில் பெண் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் பால் டின் பிய்த்துக்கொண்டது. பழைய சத்தம் எவ்வளவோ தேவலை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியோடு வெளியே ஓடிவந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்திருந்தது.

“மேனிபோல்டா? எனக்கு விடுங்க தம்பி. காலம் பூரா ரயில்வேல இருந்தவன் நான்.” (ரயில்வேயில் அவர் டிக்கெட் கொடுத்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.)

போனட்டைத் திறந்தோம். இருவரும் இடுப்பில் கைவைத்து நின்றோம்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க தம்பி.”

“அதாங்க, நானும் அதான் நெனச்சேன்.”

இறுக்கினேன். இன்னொரு போல்ட் உடைந்தது. “மட்டமான போல்ட்டு!” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

ஜன்னல் வழியாகப் பெண்ணின் அம்மா குரல் கேட்டது. “ஆரம்பிச்சிட்டாரு. ஒருத்தர் பத்தாதுன்னு இன்னொருத்தர் வேறயா!”

போச்சு, மூன்றாவது மாப்பிள்ளையும் வாயாலேயே கெட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பெண்ணே டீத் தட்டோடு வாசலுக்கு வந்தாள். உடைந்த போல்ட்டைப் பார்த்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். கரி அப்பிய என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அது எங்களுக்குப் பழகிடுச்சு. உங்களுக்கு இந்த வேல தெரியுமாங்க?”

ஏன் தெரியாது என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்த்ததும் எப்படியோ அது மடங்கிக்கொண்டது.

“தெரியாதுங்க. காலையிலேருந்தே தெரியல.”

தட்டில் டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “மா, இவர் பரவால்ல” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறி வீடு திரும்பினோம். மறுநாள் கெமாஸ் ஃபோர்மன் வந்து பால் டின்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாராம். அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அன்றிலிருந்து நானும் மாமனாரும் சேர்ந்து எந்தப் போனட்டையும் திறக்கக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் சட்டம்.

போன தீபாவளிக்குக் கெமாஸ் போயிருந்தோம். மாமனாரின் காரில் ஏதோ ‘கிறீச்’ என்று ஒரு சத்தமாம். சாப்பிட்டு எழுந்ததும் காற்றாட நடந்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் பின்பக்கமாக நழுவினோம். ஒரே ஒரு ஸ்க்ரூவைத்தான் திருப்பினோம். உள்ளே எதுவோ டமாலென்று வெடித்தது.

தேன்மொழி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“பதறாதீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒன்னா எந்திரிச்சு போனப்பவே ஃபோர்மனுக்கு போன் அடிச்சிட்டேன். வந்துகிட்டு இருக்காரு.”