பெரியம்மா சிக்னலை மறைத்த வெள்ளிக்கிழமை

பெண் பார்க்க வந்தவர்களின் செல்போன்களைத் தாம்பாளத்தில் வசூல் செய்த மருமகள் நூம்பல் வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்த கூத்துக்கு யார் காரணம் என்று கேட்டால், சத்தியமாக நான் இல்லை. நாலு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் வீட்டில் ஒருவரும் காதில் வாங்குவதாயில்லை. அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கரையான்சாவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். ஆவடிப் பக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஃபிட்டர். எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றால் கடைக்கு எடுத்துப்போக மாட்டோம், நடு ஹாலில் பேப்பர் விரித்துக் கழற்றிவிடுவோம். (திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சும். அது கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டது என்பது அப்பாவின் கட்சி.) இந்தத் திமிரோடுதான் நான் நூம்பலுக்கு வாழ்க்கைப்பட்டேன். கணவர் சேகருக்கு வேலப்பன்சாவடியில் டைல்ஸ் கடை. மாமனார் எதிலும் தலையிடாத மனிதர், பேப்பர் படிக்க வெளிச்சம் இருந்தால் போதும் அவருக்கு. அத்தை, அதாவது என் மாமியார், அதே ஊரில் பிறந்து அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். நாத்தனார் மஞ்சு அப்போது கல்யாணத்துக்கு இருந்தாள். வந்த சில மாதங்களிலேயே அந்த வீட்டு ஒயர், ஃபியூஸ், மோட்டார் எல்லாம் என் அதிகாரத்துக்குக் கீழே வந்துவிட்டன.

அந்த வருடம் எனக்கு ஸ்மார்ட் லைட் பித்து பிடித்தது. ஹாலில் இருந்த பழைய டியூப் லைட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே சுவிட்சில் மூன்று ஸ்மார்ட் பல்புகளை மாட்டினேன். போனில் தட்டினால் எரியும், நிறம் மாறும். சொன்ன பேச்சைக் கேட்கும் ஒரு பேசும் பெட்டியையும் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு ஹால் விளக்கு தானாகவே எரியும்படி ஏற்பாடு. கண் கூசக் கூடாது என்று, மெல்ல மெல்ல வெளிச்சம் கூடுகிற மாதிரி வேறு அமைத்திருந்தேன். எனக்கு அப்போது இருந்த பெருமைக்கு அளவே கிடையாது.

பெருமை மூன்று நாள்தான் தாங்கியது. பள்ளி விட்டு பஸ் பிடித்து நான் வீடு வந்து சேர ஆறே முக்கால் ஆகிவிடும். வந்து பார்த்தால் ஹால் விளக்கு என்னவோ எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் போனில் தட்டினால் "சாதனம் பதிலளிக்கவில்லை" என்று வரும். என்னை யாரென்றே தெரியாது என்கிற மாதிரி மூன்று பல்பும் எரிந்துகொண்டிருக்கும். நான் மறுபடி உட்கார்ந்து அவற்றைப் போனோடு சேர்ப்பேன். மறுநாள் சாயங்காலம் மறுபடி உறவு முறிந்திருக்கும்.

விடுவேனா? முதலில் ரூட்டர் மேல் சந்தேகப்பட்டேன். பீரோ மேலிருந்து ஃபிரிட்ஜ் மேலே வைத்தேன். இரும்பு பீரோ அலையைத் தடுக்கிறதோ என்று, சேகரை விட்டு பீரோவையே அடுத்த அறைக்குத் தள்ள வைத்தேன். (அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.) பாஸ்வேர்டை மாற்றினேன். பக்கத்து வீட்டு வைஃபை எங்கள் வீட்டுக்குள் வந்து இடிக்கிறதென்று அவர்களிடம் போய்ச் சண்டையே பிடித்தேன். ஒரு நோட்டுப் போட்டு, தினமும் என்ன நடந்தது என்று எழுதினேன். அந்த நோட்டில்தான் ஒரு மகத்தான உண்மை பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விளக்குக்கு ஒரு கோளாறும் இல்லை!

ஞாயிற்றுக்கிழமை எதற்கு விடுமுறை? அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகளுக்கு. ஆக, வாரநாட்களில் எஸ்டேட் மெஷின்கள் கிளப்புகிற அலைகள்தான் நூம்பலில் இருக்கும் என் பல்புகளை நோகடிக்கின்றன. இதைப் படம் போட்டு சேகருக்கு விளக்கினேன்.

அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ இன்னா பண்லாங்கிற? எஸ்டேட்ட மூடச் சொல்லி மனு குடுக்கலாமா?"

படித்த பெண், தினமும் நாற்பது பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள், இந்தக் கண்டுபிடிப்பை ஒரு வாரம் முழுக்க நம்பினேன். அதைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை.

இந்த நேரத்தில்தான் மஞ்சுவுக்கு வரன் வந்தது. கோவில்பதாகைக்காரர்கள். பையன் பெயர் தினேஷ். அதற்கு முன்னால் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது, மூன்றுக்கும் மஞ்சு கவலைப்பட்டதில்லை. இந்தப் போட்டோவை மட்டும் போனை நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்துவிட்டு, "பரவால்ல அண்ணி" என்றாள். அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்த இடம் நழுவினால் அவள் மனசு உடைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை காலை தோசைக்கு நடுவில் சேகர் ஆரம்பித்தார்.

"கலா, நாளிக்கு அவுங்க வரும்போது இந்த லைட்டு நம்ம மானத்த வாங்கிடப் போவுது. பேசாம ஒரு டியூப் லைட்ட மாட்டிடு."

"நாளைக்கு என் லைட்டு ஒரே ஒரு தடவை சொதப்பட்டும்," என்றேன். "நானே ஸ்டூல் போட்டு ஏறி மூணையும் கழட்டிடறேன். அப்புறம் ஆயுசுக்கும் இந்த வீட்ல ஒரு ஒயரையும் தொடமாட்டேன். போதுமா?"

வாயை விட்டது அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த மாமனார்கூட பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். ஒரு திட்டமும் போட்டேன். மஞ்சு காபித் தட்டோடு ஹாலுக்குள் காலை வைக்கும் நேரத்தில் நான் சமையலறையிலிருந்து போனைத் தட்டுவேன். வெள்ளை வெளிச்சம் மெல்லப் பொன்னிறமாக மாறும். பெண் மகாலட்சுமி மாதிரித் தெரிவாள். மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோவார்கள். சேகர் என்னை ஏறெடுத்துப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்வார். முக்கியமான கட்டம் இதுதான்.

ஐந்தரைக்கு வேனில் வந்து இறங்கினார்கள். தினேஷ், அவன் அப்பா அம்மா, பெரியப்பா பெரியம்மா, இன்னும் சில உறவுகள். அந்தப் பெரியம்மா நல்ல வாட்டசாட்டமான மனுஷி. குரலும் அதற்கேற்ற குரல். வந்ததும் ஹால் விளக்குக்கும் ஃபிரிட்ஜ் மேலிருந்த ரூட்டருக்கும் நடுவே சுவரோரம் இருந்த நாற்காலியில் அமர்ந்தார். பூ, பழம், வெற்றிலைத் தாம்பாளத்தை டீபாயில் வைத்தார்கள். நான் மஞ்சுவோடு சமையலறையில், கையில் போனோடு தயாராக நின்றேன்.

வெளியே மழை மேகம். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே ஹால் இருட்டிவிட்டது. தினேஷின் அம்மா சாதாரணமாகச் சொன்னார்:

"வெளக்கு வெக்கிற நேரமாச்சே. லைட்டப் போட்டா நல்லாக்கீதே."

நான் போனைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். ஹாலிலிருந்து பேசும் பெட்டி, பள்ளி ஆண்டு விழாவில் அறிவிப்புச் செய்கிற குரலில் பேசியது: "மன்னிக்கவும். ஹால் விளக்கு பதிலளிக்கவில்லை."

எட்டிப் பார்த்தேன். மூன்று பல்பும் படபடவென்று மின்னிக்கொண்டிருந்தன. மின்னுகிற வெளிச்சத்தில் மாப்பிள்ளை வீட்டார் தெரிவதும் மறைவதுமாக இருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை கைதட்டியது. வாசல் பக்கம் நின்ற சேகர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு ஸ்டூல் தெரிந்தது.

அப்போது நான் ஒரு நல்ல மருமகளாக, மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு போய்ச் சிரித்து மழுப்பியிருக்கலாம். எனக்கு மூளை வேறு மாதிரி வேலை செய்தது. வீட்டில் திடீரென்று பத்துப் பன்னிரண்டு செல்போன்கள் வந்திருக்கின்றன. அத்தனையும் அலையைக் கிளப்புகின்றன. எஸ்டேட்டாவது தூரத்தில் இருக்கிறது, இவர்கள் நடு ஹாலில் இருக்கிறார்கள்!

பட்டுப்புடவையோடு ஹாலுக்குள் பாய்ந்தேன். "ஒரு ரெண்டே நிமிஷம்! எல்லாரும் அவங்கவங்க போனை ஆஃப் பண்ணி இதுல வைங்க!" என்று சொல்லி, டீபாய் மேலிருந்த தாம்பாளத்தை எடுத்தேன். அவர்கள் கொண்டுவந்த பூவையும் பழத்தையும் சோபாவில் கொட்டினேன். (ஆமாம், கொட்டினேன். வேறு தட்டு தேட நேரமில்லை.) ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினேன். பாவம், ஜனங்கள் நல்லவர்கள். ஏதோ இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து மறுபேச்சில்லாமல் வைத்தார்கள். பெரியப்பா மட்டும் பேசிக்கொண்டிருந்த அழைப்பை நடுவில் துண்டித்துவிட்டு வைத்தார்.

விளக்கு இன்னும் மின்னியது. ரூட்டரைப் பார்த்தேன், பல்பைப் பார்த்தேன். நடுவில் பெரியம்மா. அப்போது என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"பெரியம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க. சிக்னல மறைக்கிறீங்க."

பெரியம்மா மெதுவாக எழுந்தார்.

"இன்னா சொன்ன? நான் மறைக்கிறனா? ஒக்காந்த எடத்துல ஒக்காந்துகினு கீறேன், இது ஒரு குத்தமா? யோவ், எந்திரியா. போலாம்."

கடைசி வரி பெரியப்பாவுக்கு. அவர் எழுந்து தாம்பாளத்தில் தன் போனைத் தேட ஆரம்பித்தார். சமையலறை வாசலில் மஞ்சுவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. விளக்கு கிடக்கட்டும், இந்தப் பெண்ணின் கல்யாணத்தையல்லவா நான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்தில் மின்னுவது நின்று, மூன்று பல்பும் நிதானமாக எரிந்தன. அத்தை சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்திலிருந்து கையை எடுத்து, விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ கலாட்டா? அவுங்க கேட்டாங்கன்னு நான்தான் போட்டேன். இதோ பிடிச்சிகிச்சி பாரு. தெனிக்கும் இப்டித்தான். ரெண்டு தபா மினுக்கி மினுக்கிப் பிடிக்கும்."

"தினமுமா?" என்றேன்.

"ஆமா. நீ ஊட்ல இல்லாதப்போ ஆறு மணிக்கு அது பாட்டுக்கு தானா எரியுது. ஆளு கை படாம எரிஞ்சா அது வெளக்கா? அத்த அணைச்சிட்டு என் கையால போடுவேன். ஒயுங்கா பிடிக்காது, மங்கலா வரும். நாலு தபா சுவிட்ச தட்டித் தட்டிப் போட்டா மினுக்க ஆரம்பிக்கும். அப்பால பிடிச்சிக்கும். ஞாயித்துக்கெயம நீ ஊட்ல கீற, நீ போன்ல போட்டா நம்ம ஊட்டுப் பொண்ணு போட்ட மாரிதானே."

மெல்ல மெல்ல வெளிச்சம் கூடும்படி அமைத்தது நான். அது அத்தைக்கு, ஸ்டார்ட்டர் போன டியூப் லைட் மாதிரித் தெரிந்திருக்கிறது. டியூப் லைட் பிடிக்காவிட்டால் என்ன செய்வோம்? தட்டித் தட்டிப் போடுவோம். என் பல்புக்கோ, மூன்று தடவை வேகமாக அணைத்துப் போட்டால் பழசையெல்லாம் மறந்துவிட்டு, "புதுசாக யாராவது என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மின்னும் வழக்கம். யாரும் சேர்க்காவிட்டால் சிறிது நேரத்தில் மின்னுவதை நிறுத்திவிட்டுச் சும்மா எரியும். தினமும் சாயங்காலம் அத்தை பயபக்தியோடு என் பல்புகளுக்கு ஞாபகத்தைத் துடைத்து விட்டிருக்கிறார். இத்தனைக்கும் அதே மூன்று தட்டு வித்தையைச் செய்துதான் தினமும் நான் அவற்றைப் போனோடு சேர்த்துக்கொண்டிருந்தேன்!

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "பாத்தீங்களா! என் மேல தப்பில்லை! அத்தைதான்!" என்று நடு ஹாலில் கத்தினேன்.

அத்தையின் முகம் சுருங்கியது. "வெளக்கு வெச்சது தப்பாமா?"

பெரியம்மா வாசலை நோக்கி நடந்தார்.

அப்போது தினேஷ் எழுந்தான். அவன் எங்களை யாரையும் பார்க்கவில்லை, தன் அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா. நம்ம ஊட்லயும் நீ இத்தத்தான் பண்றியா?"

அவன் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "பிடிக்கலன்னா தட்டிப் போட மாட்டாங்களா?"

"ரெண்டு ரூட்டர் மாத்திட்டேம்மா! மூணு மாசமா பல்பு கம்பெனிக்காரன போன்ல திட்டிகினு கீறேன்!"

முதலில் சிரித்தது மஞ்சுதான். தலை குனிந்து, கூப்பிட்ட பிறகு வரவேண்டியவள், சமையலறை வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். தினேஷ் திரும்பி அவளைப் பார்த்து அவனும் சிரித்துவிட்டான். இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒங்க ஊட்லயும் மங்கலாத்தான் வருதா?" என்றார் அத்தை. "அத்த ஏன் கேக்கறீங்க," என்று அந்த அம்மா நாற்காலியை அத்தை பக்கம் இழுத்துப்போட்டார். காபி ஆறியே போனது. அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டுத்தான் வேன் கிளம்பியது.

நான் ஸ்டூலில் ஏறவில்லை. சேகர் மறுநாள் ஸ்டூலை எடுத்துவந்து ஹாலில் வைத்தார். "என் லைட்டு சொதப்பலை, உங்கம்மா சொதப்பினாங்க, என் சபதத்துல அவங்க சேத்தி இல்லை" என்று சொல்லி அதன் மேல் பூச்சாடியை வைத்துவிட்டேன். பல்புகள் இன்றைக்கும் அதே இடத்தில் எரிகின்றன. ஆறு மணி ஏற்பாட்டை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது அத்தை ஆறு மணிக்குப் பேசும் பெட்டியின் முன் நின்று "எம்மா, வெளக்கு வெய்யி" என்கிறார். தன் வாயால் சொல்வதும் தன் கையால் போடுவதும் ஒன்றுதான் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுவிட்சு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்.

பெரியம்மாதான் இன்னும் மறக்கவில்லை. மஞ்சுவின் கல்யாணம், சீமந்தம், குழந்தைக்குக் காதுகுத்து என்று எந்த விசேஷமானாலும், உள்ளே வந்ததும் உட்காரமாட்டார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நாற்காலியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஊரே கேட்கக் கேட்பார்: "இன்னாமா டீச்சரு, இங்க ஒக்காரலாமா? சிக்னலு வருதா?"

மொத்தக் கூட்டமும் என் முகத்தைப் பார்க்கும். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. நான் எழுந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெரியம்மாவையும் சுவரையும் நிதானமாக அளந்து பார்ப்பேன்.

"கொஞ்சம் இடது பக்கம் நகந்துக்குங்க பெரியம்மா."

திட்டிக்கொண்டேதான், ஆனால் நகர்ந்து உட்காருகிறார்.