கேப்டன் முதலில் லைனில் வரட்டும்

இரண்டு பெரிய மனிதர்கள் தொலைபேசியில் பேச வேண்டுமென்றால், முதலில் லைனில் வந்து காத்திருப்பவர் சிறியவர். பிறகு வந்து "ம், சொல்லுங்க" என்பவர் பெரியவர். இது எந்த அரசாணையிலும் இல்லை. அரசாணையை மீறினால் விளக்கம்தான் கேட்பார்கள். இதை மீறினால் இடமாற்றம்.

நான் எடை அளவைத் துறை இயக்குநரின் நேர்முக உதவியாளர். இருபத்தாறு வருஷத்தில் ஐந்து இயக்குநர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவரைக்கூட எவருக்காகவும் லைனில் காக்கவைத்ததில்லை. எதிர்ப்பக்க உதவியாளர், "முதல்ல உங்க சாரைக் குடுங்க" என்பார். "உங்க சார் வரட்டும், எங்க சார் பக்கத்துலதான் இருக்கார்" என்பேன். ஒருமுறை இந்த இழுபறி காலையில் தொடங்கி மாலைவரை போனது. எதிர்ப்பக்க அதிகாரிக்கு அன்றுதான் பணி ஓய்வு. ஐந்து மணிக்கு அவர் அதிகாரியாகவே இல்லை, ஜெயித்தது நான். உங்களுக்கு உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான் என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். பாராட்டுகிறாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

இனி என் மகள். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் விண்கலத்தில் இருக்கும் நான்கு பேரில் ஒருத்தி. தேர்வாகிவிட்டேன் என்று அவள் ஓடிவந்து சொன்னபோது, "விண்ணப்பத்தை உரிய வழியா அனுப்பினியா?" என்று கேட்ட தகப்பன் நான். அவள் கிளம்பிய நாளில் ஆண்டறிக்கை வேலை இருந்ததால் வழியனுப்பவும் போகவில்லை. "போயிட்டு வாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து மாதமாக அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

விண்கலம் ஏழு கோடி கிலோமீட்டரைத் தொட்டது. மனிதர் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. அதைக் கொண்டாடும் வகையில் நால்வரின் குடும்பத்துக்கும் தலா இருபது நிமிஷம் பேச அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் குரல் கிடையாது. அவர்கள் திரும்பும்வரை, இரண்டு வருஷத்துக்கு, எழுத்துச் செய்திதான்.

அந்த நாளுக்கு விடுப்புக் கேட்டுப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

"ஏழு கோடி கிலோமீட்டர்ங்கிறது என்ன?" என்றார் இயக்குநர்.

"தூரம் சார்."

"தூரம்னா?"

"அளவு சார்."

"அளவு யாரோட துறை?"

"நம்ம துறைதான் சார்."

"அப்புறம் எப்படிய்யா அதை வீட்டுல உக்காந்து கொண்டாடுவீங்க?"

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அழைப்பு அலுவலக அரங்குக்கு மாற்றப்பட்டது. மேற்படி தூரம் நமது முத்திரை பெற்ற கருவியால்தான் அளக்கப்பட்டதா என்று விளக்கம் கோரி விண்வெளி ஆய்வு மையத்துக்கு ஒரு கடிதமும் போனது. மகளோடு பேசுவது இயக்குநரின் தகுதிக்குக் குறைவு என்பதால், "தலைவர் தலைவரோடதான் பேசணும். உங்க பொண்ணு கேப்டனைக் கூப்பிட்டுக் குடுக்கட்டும்" என்று முடிவானது. நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை, தலைமையுரை, இயக்குநர் – கேப்டன் உரையாடல், நன்றியுரை. கடைசி வரியில், 'தந்தை (நேரமிருப்பின்)'. அதைத் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

ஆய்வு மையத்திலிருந்து வந்த பெண் பொறியாளர் படித்துப் படித்துச் சொன்னார். "சார், குரல் போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். கேள்வி கேட்டுட்டுக் காத்திருக்காதீங்க. சொல்ல வேண்டியதை மொத்தமா சொல்லிடுங்க. அவங்களும் அங்கேருந்து பேசிக்கிட்டே இருப்பாங்க."

"ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலயா?"

"ஆமா சார்."

"அது மரியாதை இல்லையே" என்றார் இயக்குநர்.

பதினொரு மணிக்கு இணைப்பு கிடைத்தது. துணை இயக்குநர் வரவேற்புரையைத் தொடங்கினார். அதே நொடியில் ஒலிபெருக்கியில் என் மகளின் குரல். "அப்பா! அம்மா! கேக்குதா? முதல்ல ஒரு பெரிய சேதி..."

துணை இயக்குநர் தடுமாறினார். இயக்குநர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் ஓடிப்போய் ஒலியைக் குறைத்தேன். முதல் இரண்டு வரிசை அதிகாரிகளுக்கு என்பதால் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி, எழுந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்குக் கிடைத்தது வரவேற்புரையின் 'மனிதகுல வரலாற்றிலே' என்பது மட்டும்தான். அது ஆறு முறை வந்தது.

ஐந்தாவது நிமிஷத்தில் இயக்குநர் கையசைத்தார். ஒலிவாங்கியைப் பிடித்தேன். "அப்பா பேசறேம்மா. கேப்டனை லைன்ல வரச் சொல்லு. எங்க டைரக்டர் பக்கத்துலதான் இருக்கார்."

பதில் வர எட்டு நிமிஷம். அதில் தலைமையுரை கச்சிதமாக அடங்கியது. ஒலியை மறுபடி ஏற்றினேன். மகள் சிரிப்பது கேட்டது. "முதல்ல உங்க டைரக்டர் வரட்டும்ப்பா. கேப்டன் பக்கத்துலதான் இருக்காங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. பால்குடி மறந்த நாளிலிருந்து என் தொலைபேசிச் சண்டைகளைக் கேட்டு வளர்ந்தவள் ஆயிற்றே! இவளை மடக்க உலகத்தில் ஆள் கிடையாது, என்னைத் தவிர.

"என்னய்யா இது?" இயக்குநரின் முகம் சிவந்துவிட்டது.

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "சார், பதினாலு நிமிஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள பேசறதுதான் நேரம் முடியறதுக்குள்ள அங்கே போய்ச் சேரும். பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க!"

முள் அசைந்தது. வாயைத் திறந்தேன்.

"எங்க டைரக்டர் அப்படி வர்ற வழக்கமே இல்லம்மா. முதல்ல கேப்டன் வந்தாத்தான்..."

என் மனைவி மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "சாப்பிட்டியாடி?" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. கேள்வி கேட்கக் கூடாது என்று சொன்ன பொறியாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இருபதாவது நிமிஷத்தில் இணைப்பு போனது. நன்றியுரை முழுமையாக நிகழ்த்தப்பட்டது.

மறுநாள் மகளிடமிருந்து எழுத்துச் செய்தி வந்தது.

"அம்மா, சாப்பிட்டேன். அப்பா, நான் எடுத்த எடுப்பிலேயே சொன்னது கேக்கலையா? பழைய கேப்டனுக்கு உடம்பு சரியில்ல. போன வாரத்துலேருந்து கேப்டன் நான்தான். தெரிஞ்சேதான் கேப்டனைக் கூப்பிட்டு விளையாடறீங்கன்னு நானும் விளையாடினேன். இருபது நிமிஷமும் லைன்லதான்ப்பா இருந்தேன்."

தயங்கித் தயங்கி அதை இயக்குநரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ முதல்ல லைன்ல வந்தது யாருய்யா?"

"கேப்டன் சார்."

"இருபது நிமிஷம் காத்துக்கிட்டிருந்தது?"

"அதுவும் கேப்டன்தான் சார்."

"பாத்தீங்களா! ஏழு கோடி கிலோமீட்டர் தாண்டியும் நம்ம மரபு நிக்குதுய்யா. கோப்புல ஏத்துங்க."

ஏற்றினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. வீட்டில் மனைவி என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருந்த வாயைத்தான் முந்தின நாள் எல்லோரும் பார்த்தார்களே.

அன்று சாயங்காலம், பக்கத்து நாற்காலிகள் காலியானதும் மகளுக்கு எழுத உட்கார்ந்தேன். வழியனுப்ப வராதது என் தப்பு என்று எழுதினேன். உன் குரலைக் குறைத்தது நான்தான் என்று எழுதினேன். கேப்டன் என்றால் என்ன சம்பள விகிதம் என்று எழுதி, நல்லவேளையாக அழித்துவிட்டேன். முடிவாக, "போயிட்டு வாம்மா" என்று எழுதியபோது எழுத்துகள் கண்ணில் கலங்கின. அப்படியே அனுப்பிவிட்டேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு எச்சில் சுலபமாக இறங்கியது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். கீழே, 'அப்பா' என்று இருக்க வேண்டிய இடத்தில், விரல்கள் அலுவலகக் கடிதப் பழக்கதோஷத்தில் தாமாகவே அடித்திருந்தன: 'இயக்குநருக்காக'.