கீரைத் தொட்டியில் குடிவந்த வாத்து

நால்ட்வைக்,
திங்கள், விடிகாலை

அன்புள்ள மைத்துனன் தேய்ஸுக்கு, அத்தான் ஆரி எழுதிக்கொள்வது.

இங்கு உன் அக்காள் வில்லமைன் நலம். நான் நலமில்லை, அதற்குக் காரணம் நீ. ஆகையால் உன் நலத்தை விசாரிக்கவில்லை, பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்.

மண்ணே இல்லாமல் தண்ணீரில் லெட்டூஸ் கீரை வளர்க்கிற என் தொட்டி எப்படியென்று உனக்குத் தெரியும். இந்தக் கோடியில் நாற்று மிதவையை இறக்கினால், வரிசை முழுக்க நகர்ந்து, விளைந்த மிதவை அந்தக் கோடியில் கரையேறும். அங்கே முதலில் நிற்கிற மிதவையைத் தூக்கினால்தான் அடுத்ததற்கு வழி. அந்த முதல் மிதவையில்தான், கொட்டகைக் கூரை ஜன்னல் வழியாக வந்த சனியன் பிடித்த வாத்து, என் லெட்டூஸை மெத்தையாக்கி முட்டையிட்டு உட்கார்ந்தது. நான் துடைப்பத்தோடு போன நேரமா பார்த்து நீ காபி குடிக்க வரவேண்டும், பறவைப் பாதுகாப்புச் சங்கத் தலைவரே! "அத்தான், கையை வெச்சீங்க, கேஸாயிடும். அடைகாக்குற கூட்டைக் கலைக்கக் கூடாது" என்று நாலு குச்சி நட்டு, நாடா கட்டி, என் பிஸ்கட்டையும் தின்றுவிட்டுப் போனாய்.

அன்றைக்கு நின்ற வரிசை நின்றதுதான். முன்னால் இருக்கிற லெட்டூஸெல்லாம் முற்றித் தண்டுவிட்டுக் கசந்துபோச்சு. பின்னால் முதல்தரச் சரக்கு, எடுக்க வழியில்லை. ரோட்டர்டாம் வியாபாரி ஒரு இலையைக் கடித்துத் துப்பினார். "என்னய்யா இது, கஷாயமா? திங்கக்கெழம வண்டி வரும். நல்ல சரக்கு இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்." "வாத்து அடைகாக்குதுங்க" என்றேன். "எந்த வாத்து, நீயா?" என்றார். அவர் போனால் இந்தக் கொட்டகையே போச்சு தேய்ஸ், வேறு பெரிய வாடிக்கை எனக்கு ஏது? உன் அக்காளோ, "ஏங்க, கத்தாதீங்க, அது பயந்துக்கும்" என்கிறாள். என் சொந்தக் கொட்டகையில் நான் மரச்செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்டா! நீ உருப்படுவியா?

இன்றைக்குத் திங்கள். வண்டி வருவதற்குள் வந்து அந்தக் குச்சியை நீயே பிடுங்கு. இல்லாவிட்டால் வாத்தும் முட்டையும் வாய்க்காலில்தான், கேஸாவது கீஸாவது! உன் பிறந்தநாளுக்கு நாங்கள் வரமாட்டோம்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள், உன்னைத் தவிர.

இப்படிக்கு, கொதிப்புடன்,
ஆரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் குஞ்சு பொரித்துவிட்டது. தாய் குஞ்சுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிப் போய்விட்டது. மிதவை காலி, வரிசையை நகர்த்தலாம். ஆனால் ஒரு முட்டை மட்டும் பொரியாமல் கிடந்தது. காதில் வைத்தால் உள்ளே டொக் டொக்கென்கிறது. சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் எழுத்து கோணல். வண்டிக்காரன் வாசலில் ஹாரன் அடிக்கிறான். சத்தம் போடாதே, இப்போது எழுந்து வர முடியாது என்று உன் அக்காளிடம் சொல்லியனுப்பிவிட்டேன். இதை உன் அக்காளிடமே கொடுத்தனுப்புகிறேன். சீக்கிரம் வாடா, இதை என்ன பண்ணணும்னு உனக்குத்தான் தெரியும்.