டிக்கெட் விலையும் நாலாவது விஷயமும்

எதையும் எழுதி வைக்காவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. இருபத்திரண்டு வருடமாக டைரி எழுதுகிறேன். பஸ் வந்த நேரம், பால் பொங்கி வழிந்த தேதி, என் வீட்டுக்காரர் "நாளைக்குச் செய்யறேன்" என்று சொன்ன வேலைகள் (அவற்றுக்குத் தனிப் பக்கம்) எல்லாம் அதில் இருக்கும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் எழுத்து வேலை என்பதால் ஊரில் எனக்கு ரைட்டரம்மா என்றே பெயர். ஒழுங்கானவர்கள் தப்பு செய்ய மாட்டார்கள் என்று ஆறு வருடத்துக்கு முன்புவரை நம்பிக்கொண்டிருந்தேன். செய்வார்கள். அந்தத் தப்பும் ஒழுங்காக, வரிசை எண் போட்டு, ஸ்பீக்கரில் வரும்.

அப்போது எங்கள் ஊரான வாழவந்திக்கும் ஏற்காட்டுக்கும் ஓடிய தனியார் மினி பஸ்ஸில் கட்டணத்தை ஏற்றினார்கள். பத்து ரூபாய் பன்னிரண்டு ஆனது. முதலாளி இதைப் பயணிகளுக்குத் தெரிவித்த விதம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியது. எழுத்தெல்லாம் கடுகளவு. அதன் முன்னால் நிற்பவரின் முதுகு தாளைவிட அகலம். ஆகவே ஒவ்வொருவருக்கும் விஷயம் தெரிந்தது பத்து ரூபாயை நீட்டிய பிறகுதான். கண்டக்டர் மாதையன் ஒரே சண்டையை ஒரு நடைக்கு நாற்பது தடவை போட்டார்.

"நேத்து வரைக்கும் பத்து ரூவாய்க்கு இருந்த ஊரு இன்னிக்குத் தள்ளிப் போயிடுச்சுங்களா?" என்று தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மா கேட்டார்.

"ஊரு அங்கயேதானுங்க இருக்குது. டீசல்தான் எட்டாத தூரம் போயிடுச்சு" என்றார் மாதையன். குரல் பாதிதான் வெளியே வந்தது.

நாலாம் நாள் அவர் என் சீட்டருகே வந்து குனிந்தார்.

"ஏனுங்க ரைட்டரம்மா, நீங்க சொன்னா சனம் கேக்கும். ஒங்க போன்லயே பேசிக் குடுங்க. பாட்டு போடற பென் டிரைவ்ல சேத்துப் போட்டுடறேன். என்ற தொண்டை நொம்பக் கெட்டுப் போச்சுங்க."

(இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து காத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.)

அதே வாரம் எங்கள் வீட்டில் இன்னொரு பெரிய காரியமும் இருந்தது. என் மகள் நித்யா, ஏற்காட்டில் ஹோட்டல் வேலையில் இருந்த பிரகாஷைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருடமாக ஒற்றைக்காலில் நின்றாள். பையனுக்குக் கிளியூர். அப்பா இல்லை. அம்மா ராஜாமணி வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவரை ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், ஒரு முறை போனில் பேசியிருக்கிறேன், அவர் அனுப்பிய ஒரு பலாப்பழத்தைச் சாப்பிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் தலையாட்டினால் கல்யாணம். இல்லாவிட்டால் நித்யா இந்த ஜென்மத்தில் என்னோடு பேசப்போவதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு, அறிவிப்பைப் போனில் பதிவு செய்தேன். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். புதுக் கட்டணம், அரை டிக்கெட், மூட்டை, கூடை, உயிருள்ள கோழி, உயிரில்லாத கோழி என்று ஒன்றையும் விடவில்லை. "நடுவழியில் இறங்குவோருக்கு மீதித் தொகை திருப்பித் தரப்பட மாட்டாது" என்பதை அழுத்தம் கொடுத்து வாசித்தேன். "நன்றி, வணக்கம்" என்று முடித்தேன்.

முடித்தவள் போனை நிறுத்தியிருக்க வேண்டும். நானோ முதலில் பேனாவை எடுத்து, முடிந்த நேரத்தை டைரியில் எழுதினேன்: மாலை 6.42. அதற்குள் வீட்டுக்காரர் உள்ளே வந்து ஏதோ கேட்டார், பேச்சு வளர்ந்தது. போனை எப்போது நிறுத்தினேன் என்பது டைரியில் இல்லை.

மறுநாள் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு மூன்று தடவை சரிபார்த்து, ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். மூன்று தடவையும் "வணக்கம்" வரைதான் கேட்டேன். அதற்குமேல் என்ன இருக்கப் போகிறது? மொத்த நீளம் ஏழு நிமிடம் பன்னிரண்டு வினாடி என்று டைரியில் குறித்தேன். இரண்டு பக்கத்துக்கு எப்படி ஏழு நிமிடம் ஆகும் என்று டைரி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராஜாமணி அம்மாவை ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலேயே போய் எதிர்கொண்டேன். பச்சைப் புடவை, கையில் பெரிய குடை. அதே மினி பஸ்ஸில் முன் சீட்டில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, பென் டிரைவை மாதையனிடம் கொடுத்தேன். சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னிலையில் முதல் ஒலிபரப்பு. வேண்டுமென்றேதான் அப்படி ஏற்பாடு செய்திருந்தேன்.

பஸ் கிளம்பியதும் என் குரல் எழுந்தது. பின்னால் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சத்தம் போடாதீங்க. எல்லாரும் கவனமாக் கேளுங்க. டிரைவரண்ணா, இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க."

கூட்டி வைத்தார். பஸ்ஸே அடங்கியது.

"அட, நீங்களுங்களா பேசறது!" என்றார் ராஜாமணி அம்மா. "ரேடியோவுல வர்றாப்பல இருக்குதுங்களே!"

ஸ்பீக்கர் "நன்றி, வணக்கம்" என்றது. யாரோ கை தட்டினார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையோடு, பேனா கீறும் சத்தத்தைக் கேட்டேன். பிறகு என் வீட்டுக்காரரின் குரலைக் கேட்டேன்.

"முடிஞ்சுதா அம்மணி? வெள்ளிக்கெழம அந்தம்மா வருதே, ஏதாச்சும் யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேனுங்க" என்றது என் குரல், கட்டணம் வாசித்த அதே தோரணையில். "அந்தம்மாவப் பத்தி மொத்தம் நாலு விஷயம். ஒண்ணு, கிளியூருல சிரிச்சா, தூரத்துல இருக்கற செம்மநத்தத்துல மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடும். நம்ம ஊட்டு ஓடு தாங்குமான்னு பாக்கோணும்."

அத்தனை தலைகளும் எங்கள் சீட்டுப் பக்கம் திரும்பின. மாதையன் பின் படிக்கட்டில் இருந்தார். அவருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் இருபத்தைந்து பேரும் இரண்டு மிளகு மூட்டைகளும். டிரைவரோ ஒரு வளைவில், எதிரே வந்த சுற்றுலாக் காருக்கு வழிவிட இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு, போன்ல நாப்பத்தோரு நிமிசம் பேசுச்சு. அதுல முப்பத்தொம்பது நிமிசம் முழங்கால் வலி. டைரியில இருக்குது."

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

டிரைவர் நல்ல மனிதர். பஸ்ஸை நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். அதுவரை இரைச்சலில் பாதி அமுங்கியிருந்த என் குரல், மலையின் நிசப்தத்தில் பளிங்கு மாதிரி தெளிந்தது.

"மூணு, ஒரே ஒரு பலாப்பழத்தக் குடுத்துட்டு, இனிப்பா இருந்துச்சா, இனிப்பா இருந்துச்சான்னு மூணு தடவ கேட்டுடுச்சு. அது இனிப்பும் இல்ல. நாலாவது..."

மாதையன் மூட்டை மேல் ஏறிப் பாய்ந்து பென் டிரைவைப் பிடுங்கினார். அது கை நழுவிக் கீழே விழ, அவரே அதன்மேல் கால் வைத்தார். 'கறுக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

ராஜாமணி அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் கண் முன்னால் நித்யாவின் முகம் வந்து போனது.

"ஏனுங்க கண்டக்டரு, இங்கயே எறங்கிக்கிட்டா பாக்கிக் காசு உண்டுங்களா?"

மாதையன் என்னைப் பார்த்தார். நான் மிளகு மூட்டையைப் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றார்.

"ஆமா, இப்பத்தான் இந்தம்மா சொன்னாங்க. நடுவழியில எறங்குனா ஒண்ணும் திரும்பி வராதாமா." அவர் மறுபடி உட்கார்ந்தார். "பன்னெண்டு ரூவா குடுத்திருக்கறேன். கடைசி வரைக்கும் வந்து பாத்துட்டே போறேன். வண்டிய எடுங்க."

(நான் வாசித்த அறிவிப்பை முழுசாகக் காதில் வாங்கி, வேண்டிய இடத்தில் பயன்படுத்தியவர் அவர் ஒருவரே.)

மீதிப் பயணத்துக்கு ஆனது பதினேழு நிமிடம். நான் ஜன்னல் பக்கம் திரும்ப முடியாது, அங்கே அவர் இருந்தார். வாசலில் நின்ற நித்யா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ராஜாமணி அம்மா நேராக உள்ளே போனார். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"ஓடெல்லாம் கெட்டியாத்தான் இருக்குதுங்க" என்றார். பிறகு சிரித்தார்.

நான் சொன்னதில் மிகையில்லை. பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. அடுக்களையில் ஒரு தட்டு கிணுகிணுத்தது.

"ஒங்கம்மா மூணு சொன்னாங்க கண்ணு" என்று நித்யாவின் கையைப் பிடித்தார். "மூணும் நெசம். இத்தன கணக்காப் பாக்கறவங்க பொண்ண எப்படி வளத்திருப்பாங்க! எம்பையனுக்கு இந்த ஊடே போதும்." என் பக்கம் திரும்பினார். "அதிருக்கட்டும். அந்த நாலாவது என்னங்க?"

இங்கேதான் என் இருபத்திரண்டு வருட டைரி என்னைக் கைவிட்டது. எனக்கு நினைவில்லை. போனில் இருந்ததை வெட்கத்தில் பஸ்ஸிலேயே அழித்துவிட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் எதையும் அழித்துவிடுவது என் ஒழுங்கு. கேட்டுக்கொண்டிருந்த ஒரே சாட்சி என் வீட்டுக்காரர்.

"நீ ஒண்ணுன்னு ஆரம்பிச்சதுமே நான் காதச் சாத்திக்கிட்டேன் அம்மணி" என்றார் அவர்.

நினைவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பால் பொங்கிய தேதி தெரிந்தவளுக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? கல்யாண மேடையில் தாலி கட்டி முடித்ததும் சம்பந்தியம்மா என் காதருகே குனிந்து, "இப்பவாச்சும் சொல்லுங்க, நாலாவது என்ன?" என்றார். தீபாவளிக்குக் கேட்கிறார். முழங்கால் வலி பற்றிப் பேசும் போனில் கடைசி நிமிடத்தில் கேட்கிறார். மருமகன்கூட இப்போது நாலாவது இட்லியை நான் வைக்கும்போது ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

போன மாதம் அதே மினி பஸ்ஸில் மறுபடி கட்டணம் ஏற்றினார்கள். மாதையன் என்னிடம் வரவில்லை. படிக்கட்டுக்கு நேராக ஒரு கரும்பலகையை மாட்டி, சாக்கட்டியால் பெரிதாக மூன்றே வரி எழுதியிருந்தார். டிக்கெட் பதினைந்து. அரை டிக்கெட் எட்டு. மூட்டை பத்து. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது:

"4. ரைட்டரம்மாவைக் கேட்கவும்."

வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வரும் பலாப்பழத்தின் மேல் என் பெயரை எழுதி அனுப்பும் அதே கையெழுத்து. (பழம் நொம்ப இனிப்பு என்று வருடா வருடம் சொல்லிவிடுகிறேன்.) பார்த்த நேரத்தை டைரியில் குறித்துக்கொண்டேன்: காலை 8.10. பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரும் நின்று, நாலு வரியையும் படித்து, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சண்டை போடாமல் பதினைந்து ரூபாயை எடுத்துக் கொடுத்தார்கள். கட்டண அறிவிப்பு ஒன்றைப் பயணிகள் கடைசி வரி வரைக்கும் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.