டர்போவுக்குப் பூ வைத்த கதை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை அப்படியே விட்டுவைக்கிற பக்குவம் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. எனக்கு அது முப்பது வயதில், மாமல்லபுரத்தைத் தாண்டிய கடற்கரைச் சாலையில், ஒரு பட்டுப்புடவையைக் காவல் காத்தபடி நின்றபோது வந்தது.

அப்போது என்னிடம் பழையதாக வாங்கிய ஒரு சின்ன டர்போ கார் இருந்தது. சின்னதுதான், ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கூடுவாஞ்சேரியிலிருந்து மறைமலை நகர் ஆபீசுக்குப் போய்வர அதுவே அதிகம். (ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு மாட்டுவண்டிக்கும் டர்போ காருக்கும் ஒரே வேகம்தான்.) ஆனால் நான் வீடியோ பார்க்க ஆரம்பித்திருந்தேன். அவற்றில் வருகிறவர்கள் எல்லோரும் எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்ட கம்பெனி கொடுத்த கறுப்பு ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டரை மாட்டியிருந்தார்கள். காற்று தாராளமாகப் போகுமாம், இழுவை கூடுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மிதித்து விடும்போது 'உஷ்ஷ்' என்று ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சு எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மாட்டலாமா வேண்டாமா என்று வீட்டில் மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. என் தம்பி சரவணன் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவன் எதிர்க்கட்சி.

"அந்த டப்பா இன்னா சும்மாவா கீது? முன்னாடி வர்ற ஜில்லுனு காத்த எடுத்து உள்ள அனுப்புது. அத்த கழட்டிட்டா, எஞ்சின் மேல கொதிக்கிற காத்தத்தான் குடிக்கும். நம்மூரு வெயிலுக்கு இது தேவையாக்கா?"

"ஒனக்கு ரசனையே இல்லடா."

"டர்போவே காத்த இழுத்து அமுக்கித்தான் குடுக்குது. அதுக்கு மேல நீ வேற ஊதி வுடணுமா?"

 விவாதத்தில் தோற்றவர்கள் செய்வதையே நானும் செய்தேன், நேராகக் கடைக்குப் போனேன். ஊரப்பாக்கத்தில் கார்களுக்கு ஜோடனை செய்கிற கடை அது.

"இழுவ கூடுமாண்ணா?" என்று கேட்டேன்.

"சவுண்டு கூடும்க்கா," என்றார் கடைக்காரர்.

மனிதர் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் காதில் 'கூடும்' மட்டும் ஏறியது.

ஃபில்டர் ரத்தச் சிவப்பில் இருந்தது. கூடவே ஒரு பாட்டிலில் எண்ணெய் கொடுத்தார்கள். தூசியைப் பிடிக்க அந்தத் துணி மடிப்புகளில் லேசாகத் தடவ வேண்டும். 'லேசாக' என்றால் எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தீபாவளிக் காலையில் பிள்ளைகளின் தலையில் வைப்பது போல, காதோரம் வழிகிற அளவுக்கு வைத்தேன். இதெல்லாம் நடந்தது சரவணனின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள்.

பெண் கலைவாணிக்கு ஊர் சதுரங்கப்பட்டினம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகிற புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் சபையில் வந்து உட்கார வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் புடவை போய்ச் சேர்ந்து, பெண் கட்டிக்கொண்டு, தட்டு மாற்றியாக வேண்டும். அப்பா, தம்பி, சொந்தபந்தம் எல்லோரும் வேனில். வேனில் வைத்தால் யாராவது மேலே உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் புடவையும் அம்மாவும் என் காரில்.

கிளம்புவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். பானெட்டைத் திறந்து அம்மாவிடம் ஃபில்டரைக் காட்டினேன். பெருமைதான், வேறென்ன.

அம்மா குனிந்து பார்த்தார். "இம்மாம் பெரிசா புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிகினு கீற, சாமிக்குக் காட்டினியா?" என்றார். பிறகு உள்ளே போய்த் தட்டோடு வந்தார். ஃபில்டருக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், கற்பூரம் காட்டினார். ஒரு கை விபூதியை எடுத்து ஊதிவிட்டார். எண்ணெய் பிசுபிசுப்பில் அது அப்படியே அப்பிக்கொண்டது. கடைசியாக, தலையில் வைத்தது போக மீந்திருந்த மல்லிகைச் சரத்தை அந்தக் கூம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"அம்மா, அது காத்து போற எடம்."

"போட்டுமே. வாசனையாப் போவட்டும். நல்ல காரியத்துக்குப் போறப்ப பூவ கழட்டாத."

எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு பானெட்டை மூடினேன். (அந்த போட்டோ பிறகு எனக்கு எதிரான சாட்சியாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உலா வந்தது.)

வேன் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனது. புத்தியுள்ளவர்கள் போகிற வழி அது. நான் அதற்கு நேரெதிராக வண்டலூருக்குத் திரும்பி, கேளம்பாக்கம் போய், கடற்கரைச் சாலையைப் பிடித்தேன். ஃபில்டரை மாட்டிவிட்டு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போக முடியுமா? அந்தப் பெருமூச்சுக்குத் திறந்த சாலை வேண்டும்.

கோவளம் தாண்டியதும் மிதித்தேன். 'உஷ்ஷ்.' உடம்பு சிலிர்த்தது. மறுபடியும் மிதித்தேன்.

"யாருடி பின்னால மூக்கச் சிந்துறது?" என்றார் அம்மா, திரும்பிப் பார்த்து.

மாமல்லபுரம் வரைக்கும் இப்படியே சிந்திக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு காருக்குள் மல்லிகை வாசனை வர ஆரம்பித்தது. முதலில் கோயில் வாசனை, பிறகு வேகவைத்த கீரை வாசனை. அடுத்து மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி முப்பதுக்கு மேல் போக மறுத்தது. மீன் கூடை கட்டிய ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போனது, அதை ஓட்டியவர் திரும்பி ஒரு பார்வை வேறு பார்த்தார்.

சரவணன் போன் செய்தான். "எங்கக்கா கீற?"

"வந்துகினே கீறேன்டா."

மூச்சு வாங்கிய வண்டி சவுக்குத் தோப்பு ஒன்றின் ஓரமாக ஒரேயடியாக நின்றது. பானெட்டைத் திறந்தேன். உள்ளே இழுத்த இழுப்பில் பூச்சரம் ஃபில்டரின் மடிப்புகளுக்குள் போய்ச் சப்பையாக ஒட்டியிருந்தது. எண்ணெயும் விபூதியும் சேர்ந்து நல்ல கெட்டிக் குழம்பாகி மிச்ச இடைவெளியையும் அடைத்திருந்தன. பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால், பிடித்துக்கொள்ளும், இருமும், அணைந்துவிடும். வழிந்த எண்ணெய் உள்ளே காற்றை அளக்கிற சென்சார் வரைக்கும் போய்விட்டது என்பதைச் சரவணன்தான் பிறகு கண்டுபிடித்தான். டர்போ என்ன பாவம் செய்தது, காற்றைக் கேட்டால் குழம்பைக் கொடுத்தோம்.

மறுபடியும் போன். "வந்துட்டியாக்கா? எல்லாரும் கேக்கறாங்க."

"இதோ, வந்துகினே கீறேன்."

அம்மா புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டிய ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. மணி ஒன்பதரையை நெருங்கியது. ராகு காலத்தில் தட்டு மாற்றச் சம்மதிக்க மாட்டார்கள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள். அந்த இன்னொரு நாளுக்குள் யார் வாயில் என்ன வருமோ, 'புடவையே வந்து சேரல' என்று எவ்வளவு தூரம் பேச்சு போகுமோ. நான் விரும்பிய ஒரு பெருமூச்சுக்காகத் தம்பியின் கல்யாணம் நின்றுபோகப் போகிறது என்று நிஜமாகவே பயந்தேன். அடுத்த போனில் உண்மையைச் சொல்லி, நிற்கிற இடத்தையும் சொன்னேன். அவன் அங்கிருந்தவர்களிடம் அதை அப்படியே உரக்கச் சொல்வது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண். முகத்தில் முழு மேக்கப், நெற்றிச்சுட்டி, பூ வைத்துத் தைத்த நீளமான ஜடை. உடம்பில் நைட்டி, மேலே துப்பட்டா. ஸ்கூட்டரைத் திருப்பி எங்கள் பக்கத்தில் நிறுத்தினாள்.

கலைவாணி.

"ஆம்பளைங்கல்லாம் வண்டி சாவியத் தேடிகினு இருந்தாங்க," என்றாள். "நான் பின்பக்கமா வந்துட்டேன். பொடவ எங்க?"

அம்மா பெட்டியை நீட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டியோடு ஸ்கூட்டரில் ஏறி, வருங்கால மருமகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "போம்மா," என்றார். பெற்ற மகள் ஒருத்தி ரோட்டில் நிற்கிறாளே என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

கலைவாணி என் பானெட்டை எட்டிப் பார்த்தாள். குங்குமப் பொட்டோடு இருந்த ஃபில்டரையும் கீழே கிடந்த பூவையும் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் மேக்கப் லேசாக விரிசல் விட்டது.

"நீங்க மெதுவா வாங்கண்ணி," என்றாள்.

நிச்சயம் ஆவதற்கு முன்பே என்னை அண்ணி என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அதைப் பார்க்க மொபெட்காரர்கூட அங்கே இல்லை.

ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றிவிட்டார்கள். என் காரை ஏற்றிவந்த இழுவை வண்டியின் முன்சீட்டில் நான் போய் இறங்கியபோது கடைசிப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே பழைய கறுப்பு டப்பா அதன் இடத்துக்குத் திரும்பியது. சரவணன்தான் மாட்டினான். 

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மகள் நிச்சயதார்த்த ஆல்பத்தைத் தரையில் விரித்துவைத்து, விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். தாத்தா, ஆயா, அப்பா, அம்மா. கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"இதுல அத்தை எங்கம்மா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த கலைவாணி தலையைத் தூக்கவே இல்லை.

"அத்த வந்துகினு கீறாங்க," என்றாள்.